மட்டக்களப்பில் காணி விலை விழும் வரை காத்திருக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். நீங்களும் மனைவியும் ஆசிரியர்கள். நாவற்குடாவில் 12 பேர்ச் வளவும் பழைய கல்வீடும் ஒரு கோடியே பத்து லட்சம் என்று சொல்கிறார்கள். கையில் 60 லட்சம் இருக்கிறது, மீதி 50 லட்சத்துக்கு அந்த வீட்டையே ஈடு வைத்து வங்கிக் கடன் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு வீட்டு விலை சரிந்த கதையை வாசித்துவிட்டு, "கடனால் ஊதிய விலை கடன் நின்றதும் விழும் என்றால் இங்கேயும் விழத்தானே வேண்டும்? இரண்டு வருடம் பொறுத்தால் எண்பது லட்சத்துக்கு வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது விலை எப்போது விழும் என்ற கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் நம்முடைய ஊரில் காணி விலையைத் தாங்கிப் பிடித்திருப்பது யாருடைய காசு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 27 வருடம் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி மட்டக்களப்பிலும் கல்முனையிலும், கடன் பகுதியில். அடகு, வீட்டுக்கடன், கடைசி ஆறு வருடம் வசூல். பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் பார்க்கிற உயரத்திலிருந்து நான் பார்த்ததில்லை. கோப்புக்குள் இருக்கிற மனிதர்களை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே எது எனக்கு நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நடந்தது நிச்சயமான பகுதி. அங்கே வீட்டு விலை 2006 நடுப்பகுதியில் உச்சத்துக்குப் போனது. அடித்தளத்தைத் தொட்டது 2012 தொடக்கத்தில். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 27 வீதம் விழுந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2016 கடைசி வரை ஆனது. அதாவது இறங்கவே ஆறு வருடம், ஏறி வந்து சேரப் பத்து வருடம். ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரியது. லாஸ் வேகாஸில் விலை 60 வீதமளவு விழுந்தது, டலஸில் 10 வீதத்தைச் சுற்றித்தான் இறங்கியது. ஒரே நாடு, ஒரே மத்திய வங்கி, ஒரே வட்டி, ஆனால் ஒரே அளவு இறக்கம் இல்லை. கடன் எங்கே தாராளமாகப் பாய்ந்ததோ, வீடு எங்கே தேவைக்கு மேல் கட்டப்பட்டதோ, அங்கேதான் பள்ளம் ஆழம்.

காரணமும் தெரிந்ததுதான். 2004 நடுவில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வீதம் 1 ஆக இருந்தது, இரண்டே வருடத்தில் 5.25 ஆகியது. அந்தக் காலத்தில் கடன் தகுதி குறைந்தவர்களுக்கு விற்கப்பட்ட கடன்களில் ஒரு பெரிய பங்கு, முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, பிறகு இருபத்தெட்டு வருடம் சந்தையோடு ஏறி இறங்கும் வட்டி என்ற வகை. சம்பளப் பத்திரம் பார்க்காமலே கொடுத்த கடன்களும் ஏராளம். வாங்கியவர்கள் தவணை கட்டும் நம்பிக்கையில் வாங்கவில்லை, விலை ஏறியதும் இன்னொரு கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள். விலை ஏறுவது நின்ற அன்றே அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. இறங்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

இதை ஆங்கிலப் பத்திரிகைகளில் வாசித்தால் தூரத்துக் கதைபோல் இருக்கும். நமக்கு இதே கதை அடகுக் கவுண்டரில் நடந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 1,900 டொலர் வரை ஏறியது. அந்தக் காலத்தில் இங்கே வங்கிகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு பவுணுக்கு இவ்வளவு தருவோம் என்று பதாகை கட்டின. 2013 ஏப்ரலில் தங்கம் இரண்டு நாளில் படுத்தது, வருடக் கடைசியில் 1,200 டொலர் அளவுக்கு வந்தது. அந்த மே மாதம் ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா, கையில் அடகுச் சீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். முதலும் வட்டியும் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். பிறகு, "சேர், மீட்கிற காசுக்குப் புதுச்சங்கிலியே வாங்கலாந்தானே?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவர், சங்கிலியை மீட்க வரவேயில்லை.

கடன், பொருளின் பெறுமதியைவிடக் கூடிவிட்டால் மனிதர்கள் பொருளை விட்டுவிடுவார்கள். லாஸ் வேகாஸில் சாவியைத் தபாலில் வங்கிக்கு அனுப்பிவிட்டுப் போனவர்கள் செய்ததும், அந்த அம்மா செய்ததும் ஒன்றுதான். அவர்கள் விட்டுப்போன பொருளை வங்கி வேகமாக விற்கும், அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், இறங்கிய விலை இன்னும் பலரைக் கடனுக்குக் கீழே தள்ளும். வீட்டு விலை சரிவதற்கு இந்தச் சக்கரம் சுற்ற வேண்டும். வட்டி ஏறினால் மட்டும் போதாது. விற்றே ஆகவேண்டிய ஆட்கள் கூட்டமாக இருக்க வேண்டும்.

கடன் வீக்கம் உடைந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா மட்டும் சாட்சி இல்லை. அயர்லாந்தில் 2007 உச்சத்திலிருந்து 2013 வரை ஏறக்குறைய பாதி விலை போனது, பழைய உச்சத்தைத் திரும்பப் பார்த்தது 2022-இல். ஸ்பெயினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஜப்பானில் 1990-இல் மத்திய வங்கி வட்டியை 6 வீதம் வரை ஏற்றியது, 1991-க்குப் பிறகு காணி விலை இறங்கத் தொடங்கிப் பதினைந்து வருடமளவுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: முதலில் விலை இறங்காது, விற்பனை நின்றுபோகும். விற்பவர் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், வாங்குபவர் வரமாட்டார், ஒரு வருடம் ஒன்றரை வருடம் அப்படியே போகும். பிறகுதான் விலை இளகும். மீண்டு வர எடுக்கும் காலம், எவ்வளவு வீடு அதிகமாகக் கட்டிக் கிடக்கிறது, சனத்தொகை கூடுகிறதா குறைகிறதா, வங்கிகள் வாராக்கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தள்ளினவா மறைத்து வைத்தனவா என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் வங்கிகள் நெடுங்காலம் மறைத்தே வைத்தன.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம்.

இலங்கையில் வட்டி அடி வாங்கிய கதை அமெரிக்காவை விடப் பெரியது. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் மத்திய வங்கி கொள்கை வட்டியை 7 வீதப்புள்ளி ஏற்றியது. 2022 கடைசியில் ஏடபிள்யூபிஆர் என்று நாங்கள் சொல்கிற முதன்மைக் கடன் வீதம், அதாவது வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களிடம் எடுக்கும் சராசரி வட்டி, 27 வீதத்தைத் தொட்டது. மிதக்கும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை சில மாதத்துக்குள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆனது. பாடப்புத்தகப்படி பார்த்தால் 2023-இல் மட்டக்களப்பில் காணி விலை நொறுங்கியிருக்க வேண்டும். ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த காணித் தரகர் ஒருவர் ஒரு கொப்பியில் கேட்ட விலை, முடிந்த விலை என்று இரண்டு பத்தியாக எழுதி வைப்பவர். அந்தக் காலப் பக்கங்களைக் காட்டினார். கேட்ட விலைப் பத்தி நிறைந்திருந்தது. முடிந்த விலைப் பத்தி பக்கம் பக்கமாக வெறுமை. விற்பனை நின்றுபோகும் முதல் கட்டம் இங்கேயும் வந்தது. இரண்டாவது கட்டம், விற்றே ஆகவேண்டியவர்களின் கூட்டம், வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு நான் வசூல் மேசையிலிருந்து பார்த்த காரணங்கள் இவை. முதலாவது, 2020 கடைசியில் மத்திய வங்கி, சம்பளக்காரர் எடுக்கும் ஈட்டு வீட்டுக்கடனுக்கு முதல் ஐந்து வருடம் 7 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக் கூடாது, அதன் பிறகு ஏடபிள்யூபிஆரோடு ஒரு வீதம் வரை கூட்டலாம் என்று வங்கிகளுக்கு உச்சவரம்பு போட்டது. அந்த வகையில் எடுத்த ஆசிரியர்களும் தாதியர்களும் கிராம உத்தியோகத்தர்களும் 2022 புயலை நனையாமல் கடந்தார்கள். இரண்டாவது, மற்றவர்களுக்கு வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக் கொடுத்தன. பராட்டே சட்டப்படி நீதிமன்றம் போகாமல் ஏலம் போடும் அதிகாரம் வங்கிகளுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தாலும், அதை 2024-இல் இடைநிறுத்தி 2025 மார்ச் வரை வைத்திருந்தார்கள். மூன்றாவது, என் கணிப்பில் மிகப் பெரியது: இங்கே வீட்டை வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலானோர் அதை வங்கிக் கடனில் வாங்கவே இல்லை.

இந்த மூன்றாவதை விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பக்கத்து வளவில் சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. வீடு சீதன உறுதியில் மகளின் பெயருக்குப் போகிறது. அந்த வீட்டைக் கட்டிய காசு வங்கியிலிருந்து வந்ததில்லை. வயல் விற்ற காசு, கட்டார் காசு, சுவிஸ் தம்பியின் காசு, இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் அடுக்கிய காசு. 2023-இல் நாவற்குடாவில் ஒரு வீட்டுக்கு வசூலுக்குப் போனேன். கணவருக்குத் தவணை 38 ஆயிரத்திலிருந்து 61 ஆயிரம் ஆகியிருந்தது, மூன்று மாதம் நிலுவை. விற்றுக் கடனை அடைக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "மகன், இது என்ட புள்ளைக்குக் குடுத்த வளவு. வித்துப்போட்டு அவ எங்க போறது?" என்றார். அந்தக் குடும்பம் முச்சக்கர வண்டியை விற்றது, நகையை வைத்தது, வளவைத் தொடவில்லை. இப்படி நான் பார்த்தது ஒன்று இரண்டு இல்லை.

விநியோகத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 2005-இல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள், 2009-இல் அது ஐந்தரை லட்சமாகச் சுருங்கியது. பாலைவனத்தில் வீதி வீதியாக வெறும் வீடுகள் நின்றன. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது வயல். வயலை நிரப்ப கமநல சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சும்மா நிரப்பினால் வழக்கு. காத்தான்குடியில் சில சதுர கிலோமீற்றருக்குள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், சாய்ந்தமருது, கல்முனையும் ஏறக்குறைய அப்படித்தான். விற்காமல் கிடக்கும் வீட்டுத் தொகுதிகள் என்று ஒன்று நம்மிடம் இல்லை.

ஆக, அமெரிக்க வகைச் சரிவு இங்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. இதில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "காணி விலை ஒருநாளும் இறங்காது" என்ற முடிவுக்குப் போகாதீர்கள். அமெரிக்காவில் நாடு தழுவி வீட்டு விலை இறங்கியதே இல்லை என்று 2005-இல் பெரிய பொருளாதார அறிஞர்களே சொன்னார்கள். நம்முடைய ஊரில் அது இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1990-இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களை உங்கள் பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடிக் கடற்கரைப் பக்கம் காணியைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்ற காலம் இருந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு கோடு போட்டது, நாவலடி மக்கள் திராய்மடுவுக்குப் போனார்கள். பிறகு 2009-க்குப் பின், வீதிகளும் 2013-இல் புதிய கல்லடிப் பாலமும் வந்து, அதே கரையோரத்தில் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விதமான இறக்கமும் இருக்கிறது, அதை யாரும் இறக்கம் என்று சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 69.8 வீதம். 2021-க்கும் 2024-க்கும் இடையில் அரிசி, எண்ணெய், சீமெந்து என்று சாமான் விலை மட்டம் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆனது. ஒரு காணி 2021-இல் பேர்ச் 6 லட்சம் சொல்லி, 2024-இல் 8 லட்சம் சொன்னால், உரிமையாளர் விலை ஏறியது என்று சந்தோஷப்படுவார். ஆனால் 2021-இன் 6 லட்சத்துக்குச் சமம் 2024-இன் 12 லட்சம். உண்மையில் அவர் காணி மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. ரூபாயில் சொல்வதால் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் பணவீக்கம் தாழ்வாக இருந்ததால் வீடு தன் பெறுமதியை எல்லார் கண்ணுக்கும் தெரியவே இழந்தது. நமக்குப் பணவீக்கம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது. நீங்கள் காத்திருந்த சரிவு, என் பார்வையில், 2022-க்கும் 2024-க்கும் இடையில் இப்படித்தான் வந்துபோனது. நீங்கள் எதிர்பார்க்கிற எண்பது லட்சம் என்ற எண்ணை நான் நம்பாததற்குப் பெரிய காரணம் இதுதான்.

இனிச் சந்தேகமான பகுதி. நம்முடைய காணி விலைக்குள் வங்கிக் கடன் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது மட்டக்களப்பு வங்கிக் கடன் இல்லை என்பது மட்டும்தான். நம்மவர்கள் இருக்கிற கனடாவின் ஸ்காபரோ வங்கிக் கடன் இருக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற உறவினர், அங்கே தன் வீட்டு விலை ஏறியபோது அந்த வீட்டின் மேல் மேலதிகக் கடன் எடுத்து, இங்கே கல்லடியில் காணி வாங்கிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து வரும், இங்கே யாருக்கும் அது கடன் என்று தெரியாது, "வெளிநாட்டுக் காசு" என்று ஒரே பெயர். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது அவர்களுக்கு நம்முடைய காணி திடீரென்று மலிவானது, அதுதான் அந்த வருடங்களில் விலையைத் தாங்கியது. அதே நேரம் கனடா மத்திய வங்கி தன் வட்டியை 0.25-இலிருந்து 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்கு ஏற்றியது, டொரொண்டோப் பக்கம் வீட்டு விலை 2022 தொடக்கத்து உச்சத்திலிருந்து இறங்கியது. அங்கே குறைந்த வட்டியை ஐந்து வருடத்துக்கு நிலையாக்கிக் கடன் எடுத்தவர்கள் அதைப் புதுப்பிக்கும்போது தவணை எகிறுகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே சும்மா கிடக்கும் காணியை விற்றால், நான் மேலே சொன்ன "விற்றே ஆகவேண்டிய கூட்டம்" முதல் தடவையாக நம்முடைய சந்தைக்கு வரும். வருமா, எவ்வளவு வரும் என்பது என் ஊகத்துக்கு வெளியே. ஆனால் மட்டக்களப்புக் காணிக்கு ஒரு கடன் வீக்க ஆபத்து இருக்கிறதென்றால், அது இந்த வழியால்தான் வரும் என்று நினைக்கிறேன். சும்மா கிடக்கிற, வேலி மட்டும் அடைத்த காணிகளில்தான் முதலில் தெரியும். ஆட்கள் குடியிருக்கிற சீதன வளவுகளில் கடைசியாகத்தான்.

கடனே விலையைத் தூக்கிய இடமென்றால் நம்முடைய மாவட்டத்தில் பாசிக்குடாவைச் சொல்லலாம். சண்டை முடிந்த பிறகு ஹோட்டல்கள் வங்கிக் கடனில் எழுந்தன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022. மூன்று அடியையும் சலுகைக் காலம் கொடுத்துத்தான் தாண்ட வைத்தார்கள். உங்கள் நாவற்குடா வீட்டோடு அதை ஒப்பிட வேண்டாம், இரண்டும் வேறு சந்தை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம்முடைய ஊரில் வாடகைக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்கிற மாதிரி வீட்டுக்கு மாதம் 30 ஆயிரம் வாடகை வந்தால் வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம், ஒரு கோடியே பத்து லட்சத்தில் அது மூன்றேகால் வீதம். அதே காசை நிலையான வைப்பில் போட்டால் இதைவிட இரு மடங்கு வரும். ஒரு பொருளின் விலை அதன் பயனைவிட இவ்வளவு தூரம் மேலே நிற்பது, எந்த நாட்டில் பார்த்தாலும் எச்சரிக்கைதான். என் அனுபவத்தில் இந்த இடைவெளி நெடுங்காலமாக இப்படியே இருக்கிறது, சீதனமும் வெளிநாட்டுக் காசும் அதை நிரப்புகின்றன. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நொச்சிமுனை வளவில் என்ன ஆசை இருக்கும்? பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவர்கள் வாங்குவதை நிறுத்துவது மட்டுமில்லை, உரிமையாய் வந்ததை விற்கவும் கூடும். இது வட்டியைவிட மெதுவானது, ஆனால் வட்டியைப் போலத் திரும்பி வராது.

இந்த ஊரின் விலையைக் கணிப்பது ஏன் கடினம் என்பதற்கும் காரணம் உண்டு. மத்திய வங்கி வெளியிடும் காணிப் பெறுமதிக் குறிகாட்டி கொழும்பு மாவட்டத்துக்கானது. பதிவகத்தில் இருக்கிற உறுதிகளைப் பார்க்கலாம் என்றால், கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம் என்பதால் பலர் உறுதியில் தொகையைக் குறைத்து எழுதுகிறார்கள். தரகர் சொல்வது கேட்கும் விலை. அதனால் யாராவது "கல்லடியில் இந்த வருடம் 15 வீதம் ஏறியது" என்று துல்லியமாகச் சொன்னால் எதிலிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் 50 லட்சத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அக்கறை. பதினைந்து வருடத்துக்கு 12 வீத வட்டியில் மாதத் தவணை 60 ஆயிரம். வட்டி 20 வீதமானால் 88 ஆயிரம். 25 ஆனால் ஒரு லட்சத்து ஏழாயிரம். இருவருக்கும் கைக்கு வருவது ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 60 தாங்கும். 88-இல் பிள்ளைகளின் டியூசனும் மருந்தும் நெருக்கும். ஒரு லட்சத்து ஏழாயிரம் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75 ஆக்கப்பட்ட பிறகு எல்லாருக்கும் கடன் மலிவாகத் தெரியத் தொடங்கியது. 2020-இலும் அப்படித்தான் தெரிந்தது. இரண்டே வருடத்தில் என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். நான் மேலே திரும்ப வருவேன் என்று சொன்ன இடம் இதுதான்: அமெரிக்காவில் குடும்பங்களை உடைத்தது வீட்டு விலை இறங்கியது மட்டும் இல்லை, இரண்டு வருடத்துக்குப் பிறகு மாறுகிற அந்த வட்டி. நம்முடைய 7 வீதக் கடன்களுக்கும் அந்த ஐந்து வருட எல்லை 2025 கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக முடிகிறது. 2025-இல் ஏடபிள்யூபிஆர் தாழ்வாக இருந்ததால் இந்த முறை அது மெதுவாகக் கடந்துபோகும் என்று நினைக்கிறேன், அது அதிர்ஷ்டம்.

ஆகவே வங்கி கொடுக்கும் கடன் கடிதத்தில் வட்டி எவ்வளவு என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். எத்தனை வருடத்துக்கு நிலையானது, அதன் பிறகு எதோடு கட்டப்பட்டிருக்கிறது, உச்சவரம்பு இருக்கிறதா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். ஐந்து வருடம் நிலையாகத் தருகிற வங்கி ஒரு வீதம் கூடுதலாகக் கேட்டாலும் நான் அதையே எடுப்பேன். அப்புறம், வங்கியின் மதிப்பீட்டாளர் சந்தைப் பெறுமதி, அவசர விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகை எழுதுவார். கட்டணம் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அவர் எழுதும் சந்தைப் பெறுமதி ஒரு கோடிக்குக் கீழே இருந்தால் அதை வைத்து விலை பேசலாம். இப்போதைக்கு நாவற்குடாவில் உங்களைப் போலக் கைக்காசு 60 லட்சத்தோடு வருகிற உள்ளூர்க்காரர் குறைவு. ஐந்து ஆறு லட்சம் இறக்கிப் பேச இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு, உறுதி இல்லை.

வீட்டுக்காகவே வாங்குகிறீர்கள், மகள் பெரியவளாகும்போது அந்த வளவு அவளுக்கு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இரண்டு வருடம் விலைக்காகக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். அதே காணியை மூன்று வருடத்தில் விற்று லாபம் பார்க்கும் எண்ணம் என்றால், 50 லட்சம் கடனில் அதைச் செய்ய வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். உங்கள் நிலைமையில் நான் இருந்தால் கடனை 35 லட்சத்துக்குக் குறைக்க வழி தேடுவேன். பழைய வீட்டைத் திருத்துவதற்கு ஒதுக்கிய காசு கையிலிருக்கும் 60-க்கு வெளியே என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் இதில் போட்டுவிட்டு, திருத்த வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். 35 லட்சத்துக்கு 12 வீதத்தில் தவணை 42 ஆயிரம், 25 வீதத்துக்குப் போனாலும் 75 ஆயிரத்துக்குள் நிற்கும். 2022 திரும்ப வந்தாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று, விலையைவிட முக்கியமானது. நீங்கள் அந்தக் காணிக்கு "உறுதி இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முழு உரிமையோடு விற்கிற அறுதி உறுதியா, அரசு கொடுத்த ஜயபூமி அளிப்பா, அரச அனுமதிப்பத்திரக் காணியை யாரோ எழுதிக்கொடுத்ததா என்று நொத்தாரிஸிடம் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சீதனமாக எழுதப்பட்டிருந்தால் விற்பவரின் மனைவி கையெழுத்திடுகிறாரா, தாய்க்கு உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை அதில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கும் முன்னர் முற்பணம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.